தனியாக ஹம்பி போகலாமா? தாராளமாகப் போங்கள்

தோழிகள் இருவரும் கடைசி நேரத்தில் வரவில்லை என்றதும் டிக்கெட்டை ரத்து செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முதல் தனிப் பயணத்துக்கு ஹம்பி நல்ல இடம். நானும் அங்கே தனியாகத்தான் போனேன்.

ஹோசபேட்டே ஸ்டேஷனிலிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர்தான், டவுன் பஸ் உண்டு. ரயில் இரவில் போய்ச் சேரும் என்றால் அன்று ஹோசபேட்டேயிலேயே தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். முதல் இரவு அறையை மட்டும் முன்பே பதிவு செய்தால் போதும்.

மாதங்க மலையில் சூரிய உதயம் பார்க்க எல்லோரும் சொல்வார்கள். இருட்டில் தனியாக ஏறாதீர்கள். விடுதியில் கேட்டால் போகிறவர்கள் யாராவது இருப்பார்கள், சேர்ந்துகொள்ளுங்கள். மாலைக்கு விரூபாக்ஷர் கோயிலை ஒட்டிய ஹேமகூடக் குன்று போதும், ஏறுவதும் சுலபம்.

தனியாகச் சாப்பிட உட்காரக் கூச்சமாக இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். முதல் வேளை அப்படித்தான் இருக்கும். இரண்டாவது நாள் அந்த நினைப்பே வராது.

அப்புறம், ஹசார ராமர் கோயிலுக்குக் கண்டிப்பாகப் போங்கள். சுவர் முழுக்க ராமாயணக் காட்சிகள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றேன். கூட யாராவது இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் "போலாமா?" என்றிருப்பார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே நான் மறுபடியும் தனியாகப் போவேன்.

அம்மாவுக்குக் கவலை என்றீர்களே, தினமும் இரவு அறைக்குத் திரும்பியதும் ஒரு போன் செய்துவிடுங்கள். ரயிலில் ஏதாவது தொந்தரவு என்றால் 139, மற்ற இடங்களில் 112.