பி.எச்.டி. முடித்ததும் கல்லூரி ஆசிரியராக வேண்டும்; படிக்கும்போதே என்ன செய்து வைப்பது?

கேட்டவர் முழுநேர ஸ்காலர் என்று எடுத்துக்கொள்கிறேன். வெபினார் சான்றிதழ்கள் ஒரு கட்டு சேர்ந்திருக்கும், கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட் பாக்கி இருக்கும். குமரி மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஸ்காலர்கள் பலர் அப்படித்தான்.

நெட்டை முடித்துவிடுங்கள். முதல் தாளை அலட்சியம் செய்ய வேண்டாம்: 50 கேள்வி, 100 மதிப்பெண், நெகட்டிவ் மார்க் கிடையாது. இது எல்லோரும் சொல்வதுதான்.

நான் சொல்வது வேறு. கைடிடம் பாடம் நடத்த ஒரு வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். எந்தத் துறை ஸ்காலரும் கற்பித்தலில் பயிற்சி பெற வேண்டும், வாரம் 4 முதல் 6 மணி நேரம் டுடோரியல், லேப் வேலை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 பி.எச்.டி. விதிகளிலேயே இருக்கிறது. கூச்சப்படாமல் கேட்கலாம்.

நான் தாவரவியல். நாகர்கோவில் பக்கம் ஆய்வில் இருந்தபோது, ஒரு மேடம் மகப்பேறு விடுப்பில் போக, இளங்கலை பிராக்டிகல் என் தலையில் விழுந்தது. மூக்கிரட்டைத் தண்டில் செக்‌ஷன், அதாவது மைக்ராஸ்கோப்பில் பார்க்கத் தண்டைக் குறுக்கே மெல்லிசாக வெட்டுவது. நான் போர்டில் படம் போட்டுக்கொண்டிருக்க, பிள்ளைகள் தேங்காய்க் கீற்று கனத்துக்கு வெட்டி வைத்திருந்தார்கள். மைக்ராஸ்கோப்பில் ஒரே இருட்டு. லேப் அட்டெண்டர் அண்ணன் பக்கத்தில் வந்து, “சாரே, படம் அப்புறம் போடலாம், பிள்ளையளுக்கு வெட்டிக் காட்டிக் குடுங்க” என்றார். மேசை மேசையாகப் போனேன். பிளேடை நனை, ஆட்டாமல் ஒரே இழுப்பாக இழு, முழு வட்டம் வேண்டாம், தண்ணீரில் மிதப்பதில் மெல்லிசாக ஒரு துண்டு போதும். கடியபட்டணத்துப் பிள்ளை ஒருத்தி லென்ஸில் கண்ணை வைத்தவள் நகரவே இல்லை. பின்னால் நின்றவளுக்கு ஒரே கோபம்.

பிறகு மார்த்தாண்டம் பக்கம் ஒரு நேர்காணலில் பத்து நிமிடம் பாடம் நடத்தச் சொன்னார்கள். மற்றவர்கள் தங்கள் தீசிஸை எடுத்தார்கள் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். நான் செக்‌ஷன் வெட்டுவதை எடுத்தேன். வேலை கிடைத்தது.

பப்ளிகேஷன் வேண்டாம் என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் யுஜிசியின் 2018 விதிகளில், கல்லூரிப் பணிக்கு ஷார்ட்லிஸ்ட் செய்யும் அட்டவணையில் கட்டுரைகளுக்கு அதிகபட்சம் 6 மதிப்பெண், கற்பித்தல் அனுபவத்துக்கு 10. ஸ்காலராக எடுக்கும் வகுப்பு அந்த 10-ல் சேரும் என்று நம்பிவிடாதீர்கள். அதனால் கிடைப்பது கைப்பழக்கம்.

வேலை என்றேனே, சுயநிதிப் பிரிவில்தான். பெண் பார்க்கப் போனால் காபி வருவதற்குள், “எய்டடா, எஸ்.எஃப்பா?” என்று கேட்டுவிடுகிறார்கள். எய்டட் என்றால் அரசு சம்பளம்; எஸ்.எஃப். என்றால் எங்கள் சுயநிதி. அதே சிலபஸ், அதே பரீட்சைப் பேப்பர். கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழுவுக்கு ஃபைல் கட்டுவது மட்டும் எங்கள் பக்கம் கூடுதல். சம்பளத்தைச் சொன்னால் பெண்ணின் மாமா ரப்பர் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்.

அது கிடக்கட்டும். கைடிடம் செமஸ்டர் தொடங்கும் முன்பே கேளுங்கள். டைம்டேபிள் போட்டுவிட்டால் அப்புறம் யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.