வெறும் வயிற்றில் 96 வந்தால் கவலை இல்லையா?

கேள்வி: வயது 44. திருப்பூரில் கணக்கு எழுதும் வேலை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு, அம்மாவுக்கு இல்லை. எனக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 96 வந்தது. எடை 66 கிலோதான், கொஞ்சம் தொப்பை மட்டும். இதோடு விட்டுவிடலாமா?

பதில்: 96 நல்ல எண்தான். ஆனால் நம்மவர்களில் பலருக்குச் சாப்பிட்ட பிறகு பார்க்கும் சர்க்கரைதான் முதலில் ஏறுகிறது. அதனால் இந்த 96-ஐ மட்டும் நம்பி விட்டுவிட வேண்டாம்.

எனக்கு உறுத்துவது அந்தக் ‘கொஞ்சம் தொப்பை’. தையல் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றி, மூச்சை விட்டபின் அளந்து பாருங்கள். வயிற்றை எக்கக் கூடாது! பேன்ட் சைஸையும் நம்பாதீர்கள், அது தொப்பைக்குக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும்.

94 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட, சர்க்கரை நோய் ஆபத்தைக் கணிக்கும் மதிப்பெண் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வயது 35–49 என்பதால் 20. ஆண்களுக்கு இடுப்பு 90–99 என்றால் 10 (பெண்களுக்கு 80–89). பெற்றோரில் ஒருவருக்கு இருப்பதால் 10. உட்கார்ந்தே வேலை, உடற்பயிற்சியும் இல்லை என்றால் 30. ஆக 70. 60-ஐத் தொட்டாலே ஆபத்து அதிகம். வயதையும் அப்பாவையும் மாற்ற முடியாது, சரி. தினமும் நடந்தால் அந்த 30, 20 ஆகும்; இடுப்பு 90-க்குக் கீழே வந்தால் இன்னொரு 10 போய்விடும்.

இப்போது குளுக்கோஸ் டெஸ்ட் எடுங்கள். எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். அதுவரை காபி, சிகரெட், நடை எதுவும் கூடாது. டிபன் சாப்பிட்டுவிட்டுக் கொடுப்பதில் ஒரு சிக்கல்: தினமும் ஐந்து இட்லி சாப்பிடுபவர் அன்றைக்கு மட்டும் இரண்டோடு எழுந்துவிடுவார். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி வசதியானது, ஆனால் ரத்தசோகை இருந்தால் அது ஏமாற்றும்.

குளுக்கோஸ் டெஸ்டில் 140-க்குக் கீழே என்றால் நார்மல். 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். அறிகுறி இல்லாதவர்கள் மறுபடி ஒருமுறை பார்த்து உறுதி செய்ய வேண்டும். இடையில் இருந்தால் அதுதான் திருப்பக்கூடிய கட்டம். 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், இந்தக் கட்டத்தில் இருந்தவர்களுக்கு மூன்றாண்டுகளில் உணவு, நடை மாற்றம் மட்டுமே ஆபத்தை 28.5% குறைத்தது. மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்தது 26.4%. அதனால் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ரிப்போர்ட்டோடு மருத்துவரைப் பாருங்கள், அன்று மாலையே நடக்க ஆரம்பித்துவிடுங்கள்.