நான் இல்லாவிட்டால் கட்டடம் விழுந்துவிடுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளை நான்கு ஆண்டுகளாக வாசிக்கிறேன். கட்டுமானத் துறை பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம் என் அலுவலகத்தையே பார்ப்பது போல இருக்கும். ஆனால் அதில் என்னைப் போன்றவர்கள் இருப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பி.காம். படித்தவள். சென்னையில் இருபத்திரண்டு பேர் வேலை பார்க்கும் கட்டடங்களின் உறுதியைக் கணக்கிட்டு வரைந்து கொடுக்கும் ஒரு ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்சி அலுவலகத்தில் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன். ரிசப்ஷனில் சேர்ந்தேன். இப்போது டிராயிங் பதிவேடு, டெண்டர் காகிதங்கள், பில், ஆடிட்டருக்கு ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்புவது, சைட்டுக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் போடுவது எல்லாமே என் பொறுப்பு. சென்ற மாதம் சம்பள உயர்வு பற்றிக் கேட்டபோது எம்.டி., "நீங்கல்லாம் ஓவர்ஹெட்மா, சம்பாதிச்சுக் குடுக்கிற இன்ஜினியருங்களைத்தானே முதல்ல பாக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இயல்பாகச் சொன்னார். அதுதான் அதிகம் வலித்தது. அதே வாரம், புதிதாகச் சேர்ந்த எம்.இ. படித்த பையன் ஒரு டிராயிங்கை நேராக சைட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். ஏன் பதிவேட்டில் ஏற்றவில்லை என்று கேட்டேன். "அது கிளர்க் வேலைக்கா, நீங்களே போட்டுக்கங்க" என்றான்.

வீட்டில் பேங்க் பரீட்சை எழுதச் சொல்கிறார்கள். நான் இல்லாவிட்டால் கட்டடம் விழுந்துவிடுமா? விழாது. அப்படியானால் நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

எம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள எம்.,

கேள்வியையும் கேட்டு, "விழாது" என்ற பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தப் பதில் தவறு.

1990களின் நடுவில் நான் ஓர் அலுவலகத்தில் இளம் பொறியாளன். டிரேசிங் தாளில் மையால் வரைந்து அம்மோனியா பிரிண்ட் எடுத்த காலம். அங்கே ஹெட் கிளர்க்காக ஒரு பெரியவர் இருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர். உள்ளே வரும் தாளுக்கு ஒன்று, வெளியே போகும் தாளுக்கு ஒன்று என்று இரண்டு நீளப் பதிவேடுகள் அவர் மேசையில் இருக்கும். எங்கள் கணக்கீடுகளில் ஒரு வரிகூட அவருக்குப் புரியாது. ஆனால் எந்தத் தாள் யாரிடம் இருக்கிறது என்பது அந்த அலுவலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்வாசல் போர்ட்டிகோ. ஐந்தடி வெளியே நீட்டிய, ஒரு முனையில் மட்டும் பிடிப்புள்ள கான்டிலீவர். ஆர்க்கிடெக்ட் அதை ஏழடியாக்கி, திருத்திய தாளை எங்களுக்கும் சைட்டுக்கும் அனுப்பினார். நான் மேல்கம்பியைக் கூட்டி, ரிவிஷன் 2 என்று போட்டு, அன்று அலுவலகத்துக்கு வந்திருந்த கான்டிராக்டரின் ஆளிடம் பிரிண்டைக் கையிலேயே கொடுத்தேன். பதிவேட்டில் எழுதவில்லை. பெரியவர் சாப்பிடப் போயிருந்தார், எனக்கும் அவசரம்.

சனிக்கிழமை மாலை அவர் இரண்டு பதிவேடுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். "ஆர்க்கிடெக்ட் தாள் உள்ளே வந்திருக்கு, நம்ம தாள் வெளியே போகலையே தம்பி?" என்றார். கையில் கொடுத்துவிட்டேன் என்றேன். "வாங்கினவர் கையெழுத்து எங்கே?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஞாயிறு காலை முதல் பேருந்தில் போனேன். திங்கட்கிழமை கான்கிரீட் போடுவதாக இருந்தது. சென்டரிங் பலகை ஏழடி நீட்டி அடிக்கப்பட்டிருந்தது. கம்பி மட்டும் ஐந்தடிக் கணக்கில், பழைய தாளின்படி கட்டப்பட்டிருந்தது. நான் கொடுத்த பிரிண்ட், வாங்கியவரின் ஸ்கூட்டர் பெட்டியிலேயே மடித்தபடி கிடந்தது.

அன்று இரவு வரை நின்று கம்பியை மாற்றிக் கட்டினோம். அப்படியே கான்கிரீட் போட்டிருந்தால், முட்டுக்கொடுத்த பலகைகளைப் பிரித்த அன்றோ, மாடியில் தண்ணீர் தேங்கிய முதல் மழையிலோ அது இறங்கியிருக்கும். மழை வந்தால் பள்ளிப் பிள்ளைகள் ஒதுங்குகிற இடம் போர்ட்டிகோதான். அந்தப் போர்ட்டிகோ நிற்பதற்கு என் கணக்கு எவ்வளவு காரணமோ அவருடைய பதிவேடும் அவ்வளவு காரணம். என் வாழ்க்கையில் நான் பட்ட கடன்களில் பெரியது அது.

உங்கள் அலுவலகத்தில் நடந்ததும் இதேதான். ஸ்கூட்டர் பெட்டிக்குப் பதில் வாட்ஸ்அப். வாட்ஸ்அப் இன்னும் ஆபத்தானது என்பது என் எண்ணம். கையில் கொடுத்த பிரிண்ட் ஒன்றுதான் தொலையும். போனில் அனுப்பிய படம் மேஸ்திரிக்கு, கம்பி கட்டுபவருக்கு, சூப்பர்வைசருக்கு என்று பரவும். அடுத்த வாரம் ரிவிஷன் 3 போகும்போது பழைய படம் எத்தனை போன்களில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதிலும் பாதிப் பேர் விட்டத்தின் (பீம்) பகுதியை மட்டும் பெரிதாக்கிப் படம் பிடித்து அனுப்புவார்கள். டிராயிங் எண்ணும் ரிவிஷன் எண்ணும் இருக்கிற மூலைக் கட்டம் அதில் வரவே வராது.

இனி ஒரு பெரிய விபத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹையட் ரீஜென்சி ஹோட்டல். 1981 ஜூலை 17 மாலை, அதன் கூடத்தில் நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டிருந்த நடைபாலங்கள் இரண்டு இடிந்து விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். முதல் வரைபடத்தில், ஒரே நீளக் கம்பி கூரையிலிருந்து மேல் பாலத்தின் விட்டத்தைத் துளைத்துக் கீழ்ப் பாலம் வரை போயிற்று. இரும்பு வேலை செய்த நிறுவனம் அதை இரண்டு கம்பிகளாக மாற்றியது. கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு ஒன்று, மேல் பாலத்தின் விட்டத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு மற்றொன்று. பார்வைக்குச் சின்ன மாற்றம். ஆனால் மேல் விட்டத்துக்கு அடியிலிருந்த நட்டு அதுவரை ஒரு பாலத்தைத் தாங்கவேண்டியிருந்தது, இப்போது இரண்டையும் தாங்கவேண்டி வந்தது. முதல் வரைபடமே அந்த ஊர் விதிகள் கேட்ட பலத்தை எட்டவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. இந்த மாற்றம் அதையும் பாதியாக்கியது.

இதில் நீங்கள் பார்க்கவேண்டியது விசாரணையில் வந்த ஒரு சாட்சியம். மாற்றம் பற்றி பொறியாளர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டு ஒப்புதல் வாங்கினோம் என்றது இரும்பு நிறுவனம். அப்படி ஓர் அழைப்பே வரவில்லை என்றார் பொறியாளர். வாய்ச்சொல்லுக்கு எதிராக வாய்ச்சொல். மாற்றம் இருந்த தாள்களோ, பார்த்தாயிற்று என்ற பொறியாளரின் முத்திரையோடு திரும்பிப் போயிருந்தன. பொறுப்பிலிருந்த பொறியாளர்கள் மிசூரி மாநிலத்தில் உரிமம் இழந்தார்கள்.

அங்கே தாள்களைப் பதிந்து கண்காணிக்கும் ஒரு டாக்குமென்ட் கன்ட்ரோலர் இருந்திருந்தால் நட்டின் பலத்தைக் கணக்கிட்டிருப்பார் என்று நான் சொல்லவில்லை. அது பொறியாளரின் கடமை, அதிலிருந்து அவர் தப்பவே முடியாது. ஆனால் "இந்தத் தாளில் முதல் வரைபடத்திலிருந்து என்ன மாறியிருக்கிறது, யார் கேட்டார்கள், மாற்றத்துக்கான கணக்குத் தாள் எங்கே, அது வராமல் முத்திரை போட்டு அனுப்பமாட்டேன்" என்று கேட்பதற்கு எம்.இ. வேண்டியதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் அதிகாரம் உள்ள ஓர் ஆள் வேண்டும். கணக்கில் மூழ்கியிருப்பவருக்கு அந்தக் கேள்வி தோன்றாது. எனக்குத் தோன்றவில்லையே!

'ஓவர்ஹெட்' என்ற சொல்லுக்கு வருகிறேன். கணக்குப் புத்தகத்தில் அது நேரடியாக வருமானம் தராத செலவுகளுக்கான ஒரு தலைப்பு, அதில் தவறில்லை. மனிதரைப் பார்த்து அதைச் சொல்லும்போதுதான் தவறாகிறது. உங்கள் எம்.டி.யிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பத்து லட்சம் ரூபாய்க் கட்டணத்துக்கு நீங்கள் மார்ச்சில் பில் போடுகிறீர்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,80,000 ரூபாய். கிளையன்ட் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மறுமாதமே அந்த வரியைக் கட்டியாகவேண்டும். பணம் செப்டம்பரில் வந்தால், அதுவரை அந்த 1,80,000 ரூபாய் உங்கள் அலுவலகத்தின் சம்பளப் பணத்திலிருந்து போனது. வரும்போதும் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமானவரி) பிடித்துத்தான் வரும். அது கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்க்காவிட்டால் அதுவும் போச்சு. ஒப்பந்தத்தில் எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறது, அந்தக் கட்டம் முடிந்ததாகக் கிளையன்டிடம் கடிதம் வாங்கியாயிற்றா, எப்போது பில் போடுவது என்றெல்லாம் பார்ப்பது யார்? நான் பார்த்த பொறியாளர்களில் பெரும்பாலானோர் ஒப்பந்தத்தில் முதல் பக்கத்துக்கு மேல் படித்ததில்லை. நானும் நெடுநாள் படிக்கவில்லை.

இன்னொன்றும் உங்கள் கையில் இருக்கிறது. அலுவலகம் உத்யம் பதிவு பெற்ற குறுநிறுவனமோ சிறுநிறுவனமோ என்றால், குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தவறிய தொகையைக் கொடுத்து முடிக்கும்வரை கிளையன்ட் தன் வருமானவரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. தனியார் பில்டர்களிடம் இந்த ஒரு வரியை மரியாதையான ஒரு நினைவூட்டுக் கடிதத்தில் எழுதினால் பணம் அசையும். அந்தக் கடிதத்தை எழுதப்போவது டிசைன் டீம் இல்லை, நீங்கள்.

இதைக் கவனிக்க ஆளில்லாத அலுவலகம் எப்படி முடியும் என்பதற்கு ஒரு பெரிய பெயரைச் சொல்கிறேன், வருத்தத்தோடுதான். லூயி கான். அகமதாபாத் ஐ.ஐ.எம். வளாகத்தையும் டாக்கா நாடாளுமன்றத்தையும் வடிவமைத்த மேதை. அவருடைய செங்கல் வளைவுகளைப் பார்க்கவே நான் ஒருமுறை அகமதாபாத் போனேன். 1974 மார்ச்சில், அகமதாபாத்திலிருந்து திரும்பிய வழியில், நியூயார்க்கின் பென் ஸ்டேஷனில் மாரடைப்பில் இறந்தார். அப்போது அவர் அலுவலகத்துக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் டாலர் கடன். திருத்தித் திருத்தி வரைந்துகொண்டே இருப்பார், அதற்கெல்லாம் பணம் வருகிறதா என்பது அவர் கவனத்தில் இல்லை. பின்னால் பென்சில்வேனியா மாநிலம் அவருடைய வரைபடங்களை விலைகொடுத்து வாங்கியது. டாக்காவில் பாதியில் நின்ற வேலையை, அவரிடம் நெடுநாள் வேலை பார்த்த டேவிட் விஸ்டமும் சகாக்களும் புதிய அலுவலகம் அமைத்து முடித்தார்கள். கலைஞனுக்கு இதெல்லாம் பொருட்டில்லை என்று இதைக் காவியமாக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த அலுவலகத்தில் சம்பளத்துக்குக் காத்திருந்த குடும்பங்களை நினைத்துக்கொள்கிறேன்.

டெண்டர் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். அரசு வேலைகளில் தரத்துக்கு 70 அல்லது 80, விலைக்கு மிச்சம் என்று மதிப்பெண் போடுகிறார்கள். அந்தத் தர மதிப்பெண்ணுக்கு முன்பு முடித்த வேலைகளின் சான்றிதழ்களும் வேண்டும். யு.டி.ஐ.என். என்ற தனி அடையாள எண் இல்லாத ஆடிட்டர் சான்றிதழ், காலாவதியான டிஜிட்டல் கையெழுத்து, இரண்டில் ஒன்று போதும், பத்து ஆண்டு அனுபவமும் வாசலிலேயே நின்றுவிடும். வேலை முடிந்த அன்றே நிறைவுச் சான்றிதழ் கேட்டு வாங்கி வைப்பவர்தான் மூன்று ஆண்டு கழித்து வரும் டெண்டரை ஜெயிக்கிறார்.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்பது. பேங்க் பரீட்சை எழுதுங்கள், தடுக்கமாட்டேன். பாதுகாப்பான வேலையை விரும்புவதில் குறையொன்றும் இல்லை. ஆனால் உங்கள் வேலைக்கு மதிப்பில்லை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். வளைகுடா நாடுகளில் டாக்குமென்ட் கன்ட்ரோலர் என்பது தனிப் பதவி, பெரிய வேலை எதுவும் அவர் இல்லாமல் நகராது. நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள். 2018இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 19650 என்ற சர்வதேச வரையறை முழுக்க இதைப் பற்றியதுதான். ஒரு தாள் வரைவில் இருக்கிறதா, மற்றவர்களுடன் பகிரப்பட்டதா, வெளியிடப்பட்டதா, காப்பகத்துக்குப் போய்விட்டதா என்ற நிலைகளை எப்படிப் பிரித்து வைப்பது என்று அது சொல்கிறது. நீங்கள் ஏழு ஆண்டுகளாகக் கையால் செய்வதைத்தான் அது முறைப்படுத்துகிறது. படித்துப் பாருங்கள்.

எம்.டி.யிடம் சம்பளத்தோடு இன்னும் இரண்டைக் கேளுங்கள். ஒன்று, பதிவேட்டு எண் இல்லாமல் எந்த டிராயிங்கும் அலுவலகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்ற எழுத்துபூர்வமான உத்தரவு, அவர் கையெழுத்தோடு. அவசரமென்றால் வாட்ஸ்அப்பில் போகட்டும், ஆனால் முழுத் தாளும் பி.டி.எஃப். ஆக, உங்கள் எண்ணோடு போகட்டும். இரண்டாவது, வாராந்தர புராஜெக்ட் கூட்டத்தில் ஒரு நாற்காலி. தேநீர் சொல்வதற்காக இல்லை. எந்தத் தாள் எங்கே நிற்கிறது, எந்த பில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று முதல் பத்து நிமிடம் நீங்கள் சொல்வதற்காக.

அந்த எம்.இ. தம்பியிடம் கோபம் வேண்டாம். அவன் வயதில் நானும் அதையேதான் செய்தேன். ஒரு நாள் அவனை உங்கள் மேசைக்கு அழைத்து, அவன் அனுப்பிய டிராயிங்கின் பழைய ரிவிஷன் இன்னும் யார் யாரிடம் இருக்கிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து தேடிப் பாருங்கள். சைட்டுக்கு போன் போட்டு ஒவ்வொருவராகக் கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கடிதம் வெளியாகும் வரை காத்திருக்காமல் நாளைக்கே அதைச் செய்யுங்கள். அந்தத் தாளில் என்ன மாறியது என்று நீங்கள் எழுதவில்லை. அது எனக்குக் கவலையாக இருக்கிறது. விசாரித்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.