ஜெயித்துவிட்டோம் என்று கையைத் தூக்கியவர்

கேள்வி: தோற்றது தெரியாமல், ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கொண்டாடிய விளையாட்டு வீரர் யாராவது உண்டா? அப்புறம் அவருக்கு என்ன ஆனது?

உண்டு. நெதர்லாந்தின் சைக்கிள் பந்தய வீராங்கனை அன்னமீக் வான் ஃப்ளூட்டன். உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக். பெண்கள் சாலைப் பந்தயம், 137 கிலோமீட்டர். ஃபூஜி ஸ்பீட்வே கார் பந்தயத் தடத்தில் வந்து முடிகிறது. கோட்டைத் தாண்டும்போது அன்னமீக் இரண்டு கைகளையும் விரித்து, வாய்விட்டுக் கத்துகிறார். தங்கம் தனக்குத்தான் என்று அவருக்குத் துளிகூட சந்தேகமில்லை. ஆனால் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் 75 நொடிகளுக்கு முன்பே அதே கோட்டைத் தாண்டியிருந்தார். அங்கிருந்தவர்கள் சொன்ன பிறகுதான் அன்னமீக்குக்கு விஷயம் புரிந்தது.

இது எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். மற்ற பெரிய பந்தயங்கள் பலவற்றில் வீராங்கனைகளின் காதில் ரேடியோ இருக்கும். பின்னால் காரில் வரும் பயிற்சியாளர், யார் எவ்வளவு முன்னால் போகிறார் என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒலிம்பிக்கில் அதற்கு அனுமதி இல்லை. கீசன்ஹோஃபர் கொடி அசைந்ததுமே வேறு நான்கு பேரோடு முன்னால் பாய்ந்துவிட்டார். ஒரு கட்டத்தில் இடைவெளி பத்து நிமிடத்தையும் தாண்டியது. கடைசி 41 கிலோமீட்டரை அவர் தன்னந்தனியாக ஓட்டினார். அவரோடு கிளம்பியவர்களில் மிச்சமிருந்த இருவரை, முடிவுக்குச் சில கிலோமீட்டர் இருக்கும்போது, பின்னால் வந்த வீராங்கனைகளின் பெரிய கூட்டம் பிடித்தது. முன்னால் இனி யாரும் இல்லை என்று டச்சு அணி நம்பியது அங்கேதான். கீசன்ஹோஃபர் எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லாதவர், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம்.

அந்தக் கொண்டாட்டத்தின் படத்தைப் போட்டு உலகமே சிரித்தது. எனக்கு அது இன்றும் வருத்தம்தான். காரணம், அதற்கு முந்தைய ஒலிம்பிக். 2016 ரியோவில் விஸ்டா சினேசா மலையிலிருந்து இறங்கும்போது தனி ஆளாக முன்னணியில் இருந்தவர் இவர். பாதை ஈரம். ஒரு வளைவில் சக்கரம் வழுக்கி, ஓரத்துக் கல்வரம்பில் போய் விழுந்தார். அப்படியே அசையாமல் கிடந்தார். காணொளியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஆள் பிழைப்பாரா என்றே பயமாக இருந்தது. கீழ் முதுகெலும்பில் மூன்று இடத்தில் முறிவு, தலையிலும் அதிர்ச்சி. தங்கம் சக அணி வீராங்கனை அன்னா வான் டெர் பிரெக்கனுக்குப் போனது. டோக்கியோவில் கையைத் தூக்கிய அந்தக் கணத்தில் ஐந்து வருடக் கணக்கு தீர்ந்துவிட்டது என்று அவர் நினைத்திருந்தால், அதைப் பார்த்துச் சிரிக்க எப்படி மனசு வரும்?

சரி, அப்புறம் என்ன ஆனது? மூன்றே நாளில் டைம் டிரயல் போட்டி. இதில் ஒவ்வொருவரும் தனியாகக் கிளம்பி, கடிகாரத்தோடு மட்டும் மோத வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேரோடு சைக்கிள் ஓட்டுபவன். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒட்டிக்கொண்டால் கால் எப்படி லேசாகிவிடும் என்று தெரியும். அவர் விலகியதும் காற்று நெஞ்சில் வந்து மோதுவதும் தெரியும். டைம் டிரயல் முழுக்க அந்தக் காற்றுதான். 22.1 கிலோமீட்டரை அன்னமீக் 30 நிமிடம் 13 நொடியில் முடித்தார். இரண்டாவதாக வந்த சுவிட்சர்லாந்தின் மார்லன் ராய்சர் 56 நொடி பின்னால். நொடியின் பின்னங்களில்கூடப் பதக்கம் கைமாறும் போட்டியில் அது மலைக்கவைக்கும் இடைவெளி. அப்போது அவருக்கு வயது 38.

இத்தனைக்கும் அவர் சின்ன வயதிலிருந்தே பந்தயம் ஓட்டியவர் இல்லை. கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவர், முழங்காலில் அடிபட்டதால் சைக்கிளுக்கு வந்தார். வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் நோய்ப்பரவலியல் படித்தவர். இருபதுகளின் பாதியில்தான் தொழில்முறைப் பந்தயமே தொடங்கியது.

2022இல் இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் மூன்று நாட்டுத் தொடர்களையும் ஒரே வருடத்தில் வென்றார். பிரான்ஸில் அவர் ஜெயித்தது, பெண்களுக்காகப் புது உருவில் திரும்பி வந்த எட்டு நாள் டூர் டி பிரான்ஸ். முதல் நாட்களில் வயிறு கெட்டு, சாப்பிட முடியாமல் பின்தங்கியிருந்தார். ஏழாம் நாள் வோஜ் மலைகளில் கடைசி 60 கிலோமீட்டருக்கும் மேல் தனியாக ஓட்டி, மூன்று நிமிடத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் வந்து சேர்ந்தார்.

ஆனால் எனக்குப் பிடித்தது அந்த செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் வொல்லன்காங்கில் நடந்த உலக சாம்பியன் போட்டிதான். மூன்று நாள் முன்பு அணிப் போட்டி தொடங்கியவுடனேயே விழுந்து முழங்கை முறிந்திருந்தது. சைக்கிளில் எழுந்து நின்று மிதிக்கவே கஷ்டம். அதனால் அன்று அவர் வந்தது சக அணி வீராங்கனை மரியான் வோஸுக்கு உதவி செய்யத்தான். ஏற்றங்களில் பின்தங்குவார், திரும்ப வந்து ஒட்டிக்கொள்வார். கடைசி ஒரு கிலோமீட்டருக்குள் முன்னணிக் குழுவைப் பின்னாலிருந்து எட்டிப் பிடித்தவர், வந்த வேகத்திலேயே அவர்களைத் தாண்டிப் போய்விட்டார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகள் போதுமாக இருந்தது. வேகத்தில் அவரைவிடக் கெட்டிக்காரரான பெல்ஜியத்தின் லோட்டே கொபெக்கி துரத்தியும் பிடிக்க முடியவில்லை. இந்த முறை அவருக்கு முன்னால் உண்மையிலேயே யாரும் இல்லை.