லேப்டாப் ப்ராசஸர் சொன்ன ஸ்பீடுல ஓடாம 0.8 கிகாஹெர்ட்ஸ்னு காட்டுதே, கோளாறா?

நீங்க கேட்டது இதுதான்: ஸ்பெக்ல 1.8 கிகாஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு, டாஸ்க் மேனேஜரைத் திறந்தா 0.8ல நிக்குது, திடீர்னு 3.7க்கு போகுது, திரும்ப இறங்கிடுது, இதுல எது நிஜம், ப்ராசஸர் போயிடுச்சா, பயாஸ்ல, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே இருக்கிற அடிப்படை செட்டிங்ஸ்ல, இந்த பவர் சேவிங் சமாச்சாரத்தை எல்லாம் ஆஃப் பண்ணிடலாமா.

ப்ராசஸருக்கு ஒண்ணும் ஆகல. 0.8ம் நிஜம், 3.7ம் நிஜம். சொல்லப்போனா அந்த மூணு நம்பர்ல நீங்க ரொம்ப அபூர்வமா பாக்கப்போறது ஸ்பெக்ல போட்ட அந்த 1.8ஐத்தான்.

இந்தக் குழப்பம் எனக்கும் வந்திருக்கு, அதனால உங்க பதட்டம் நல்லாவே புரியுது. ரொம்ப வருஷம் முன்னாடி கோர் 2 டுயோ இ6300 போட்டு ஒரு மெஷின் அசெம்பிள் பண்ணேன், அது 1.86 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர். ஆசையா சிபியு-இசட்னு ப்ராசஸர் விவரம் காட்டுற சாஃப்ட்வேரைப் போட்டுப் பாத்தா 1600 மெகாஹெர்ட்ஸ்னு காட்டுது. அவ்வளவுதான், ராத்திரி தூக்கம் போச்சு. பயாஸ்ல டிஃபால்ட் லோடு பண்ணேன், கூலரைக் கழட்டி சூடு கடத்துற பேஸ்ட்டைப் புதுசா வச்சு மாட்டினேன், ராம் இடம் மாத்தினேன், ஆனா அதே 1600. கடைசில வெறுத்துப்போயி ஒரு வீடியோவை கன்வர்ட் பண்ண விட்டுட்டு, ஓரத்துல சிபியு-இசட் விண்டோவை மூடாம வச்சிருந்தேன். கன்வர்ஷன் ஆரம்பிச்ச அந்த நொடி மல்ட்டிப்ளையர்னு போட்ட இடத்துல 6 இருந்தது 7 ஆச்சு, மேல ஸ்பீடு 1866க்கு போச்சு, வோல்டேஜ் வரியும் கூடவே ஏறிச்சு. கன்வர்ஷனை நிறுத்தினேன், கொஞ்ச நேரத்துல திரும்ப 6, 1600. மறுபடி ஓட விட்டேன், 7. அப்படியே ஒரு பத்து தடவை நிறுத்தி நிறுத்தி ஓட விட்டு பாத்துக்கிட்டே இருந்தேன், வேலை இருந்தா ஏறுது, இல்லன்னா இறங்குது, அவ்வளவுதான் விஷயம்.

கணக்கு சுலபம். மதர்போர்டுல இருந்து ஒரு அடிப்படை கிளாக், அதாவது சீரான ஒரு துடிப்பு வரும், அதை ப்ராசஸர் தனக்குள்ள ஒரு எண்ணால பெருக்கிக்கும். அந்த இ6300ல அடிப்படை 266 மெகாஹெர்ட்ஸ், 7ஆல பெருக்கினா 1866, 6ஆல பெருக்கினா 1600. இப்ப இருக்கிற ப்ராசஸர்ல பெரும்பாலும் அடிப்படை 100 மெகாஹெர்ட்ஸ், அதனால உங்களுக்கு 8ஆல பெருக்கினா 0.8, 37ஆல பெருக்கினா 3.7. அந்த மல்ட்டிப்ளையரை மாத்துறதுதான் இந்த பவர் சேவிங்கோட வேலை, பாதி வேலைன்னு சொல்லலாம்.

மீதிப் பாதிதான் முக்கியம், நிறைய பேர் அதை விட்டுடுறாங்க: வோல்டேஜ். சிப்புக்குள்ள டிரான்சிஸ்டர் ஆன் ஆஃப் ஆகும்போது செலவாகுற பவர், ஸ்பீடு எவ்வளவோ அந்த அளவுக்கு நேரா கூடும், ஆனா வோல்டேஜுக்கு அதோட வர்க்கமா கூடும். அதாவது ஸ்பீடைப் பாதியாக்கி, 1.2 வோல்ட்டை 0.9க்கு இறக்கினா, வோல்டேஜ் முக்கால், முக்காலோட வர்க்கம் 0.56, அதுல ஸ்பீடால பாதி, 0.28. ஸ்பீடு பாதிதான் குறைஞ்சது, பவரோ நாலுல ஒரு பங்குகிட்ட வந்துடுச்சு. ஸ்பீடை மட்டும் குறைச்சு வோல்டேஜை அப்படியே விட்டா பெருசா ஒண்ணும் கிடைக்காது, வேலை முடிய டபுள் நேரம் ஆகும், மொத்தத்துல அதே கரண்ட்தான் செலவாகும்.

அப்ப வோல்டேஜை மட்டும் குறைச்சிட்டு ஸ்பீடை அப்படியே வச்சுக்கலாமேன்னு தோணும். முடியாது, வோல்டேஜ் கம்மியானா டிரான்சிஸ்டர் மாறுறதுக்கே நேரம் கூட ஆகும், அடுத்த கிளாக் துடிப்பு வர்றதுக்குள்ள வேலை முடியாது, தப்பான விடை வந்து மெஷின் தொங்கிடும். அதனால இறங்கும்போது முதல்ல ஸ்பீடைக் குறைச்சு அப்புறம் வோல்டேஜை இறக்கும், ஏறும்போது முதல்ல வோல்டேஜை ஏத்திட்டு அப்புறம்தான் ஸ்பீடைக் கூட்டும். இந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், ஒவ்வொரு தடவையும் தவறாம இதே வரிசையில நடக்குது.

இது நேத்து வந்த விஷயம் இல்ல. 2000ல லேப்டாப்புக்கான பென்டியம் 3ல இன்டெல் ஸ்பீட்ஸ்டெப்னு கொண்டு வந்தாங்க, அப்ப ரெண்டே ரெண்டு ஸ்பீடுதான், சார்ஜர் சொருகினா முழு ஸ்பீடு, பேட்டரில ஓடினா கம்மி ஸ்பீடு. 2003ல பென்டியம் எம் வந்தப்போ அது பல படியா மாறிச்சு, அதே வருஷம் ஏஎம்டி அத்லான் 64ல கூல் அண்ட் கொயட்னு டெஸ்க்டாப்புக்கே கொண்டு வந்தாங்க, பேரே சொல்லிடுது, சூடும் கம்மி ஃபேன் சத்தமும் கம்மி. 2008ல இன்டெலோட நெஹேலம் ப்ராசஸரோட டர்போ பூஸ்ட் வந்தது, அதுவரைக்கும் பெரும்பாலும் இறங்குறதுதான் இருந்தது, அதுக்கப்புறம் சூடும் பவரும் இடம் கொடுத்தா ஸ்பெக்ல போட்டதுக்கு மேலயும் ஏற ஆரம்பிச்சது. உங்க 3.7 அங்க இருந்துதான் வருது.

ஸ்பெக்ல இருக்கிற 1.8ஐ எப்படிப் புரிஞ்சுக்கணும்னா, எல்லா கோரும் (ப்ராசஸருக்குள்ள தனித்தனியா வேலை பாக்குற பகுதிங்க) வேலை பாக்கும்போதும் சொன்ன வாட்டுக்குள்ளயே இருந்து விடாம ஓட முடியும்னு கம்பெனி தர்ற உத்தரவாதம் அது. உதாரணத்துக்கு ஐ7-8550யூ எடுத்துக்கோங்க, 15 வாட், அடிப்படை ஸ்பீடு 1.8, டர்போல 4.0 வரைக்கும் போகும். கனமான வேலை கொடுத்தா கொஞ்ச நேரம் மேல போயி நிக்கும், அப்புறம் அந்த 15 வாட் கணக்குக்கு ஏத்த மாதிரி இறங்கி நடுவுல எங்கயாவது நிலைச்சிடும். அதைப் பாத்து கோளாறுன்னு நினைச்சிடாதீங்க, மெல்லிசான லேப்டாப்புல அது அப்படித்தான் இருக்கும்.

யார் முடிவு பண்றாங்கன்னா, முன்னாடி எல்லாம் ஆபரேட்டிங் சிஸ்டம்தான் லோடு பாத்துட்டு ஏறு இறங்குன்னு சொல்லும். 2015ல இன்டெலோட ஸ்கைலேக் ப்ராசஸர்ல ஸ்பீடு ஷிஃப்ட்னு வந்ததுக்கு அப்புறம் அந்த முடிவைப் பெரும்பாலும் ப்ராசஸரே எடுக்குது, விண்டோஸ் எல்லைய மட்டும் சொல்லும், வேகம் வேணுமா பேட்டரி வேணுமான்னு ஒரு சாய்வை மட்டும் காட்டும். அதனால மாறுறது முன்னைவிட ரொம்ப சீக்கிரம் நடக்குது, மௌஸைக் கிளிக் பண்ணி மெனு திறக்குறதுக்குள்ள ஏறி இறங்கியிருக்கும். லினக்ஸ்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், இன்டெல் மெஷின்ல கவர்னர் (ஸ்பீடு எப்படி மாறணும்னு சொல்ற செட்டிங்) பவர்சேவ்னு காட்டினா கம்மி ஸ்பீடுல பூட்டி வச்சிருக்குன்னு அர்த்தம் இல்ல, ஸ்பீடைக் கவனிக்கிற இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர் தானே முடிவெடுக்கிற மோடுல ஓடும்போது அந்தப் பேர்லயும் லோடுக்கு ஏத்த மாதிரி ஏறும் இறங்கும், பேரைப் பாத்து ஏமாந்து மாத்தினவங்க நிறைய பேரு.

இன்னொண்ணு, 0.8னு காட்டும்போது ப்ராசஸர் 0.8ல ஓடிக்கிட்டே இருக்குன்னு கூட நினைக்க வேண்டாம். சும்மா இருக்கிற மெஷின்ல கோர் எல்லாம் பெரும்பாலான நேரம் தூங்குது. இதை சி-ஸ்டேட்னு சொல்லுவாங்க, சி1னா கிளாக் மட்டும் நிக்கும், ஆழமான சி6க்கு போனா உள்ள இருக்கிறதை எழுதி வச்சிட்டு அந்த கோருக்கு பவரே கிட்டத்தட்ட கட் ஆயிடும். நடுவுல ஏதோ ஒரு வேலைக்காக ஒரு நொடியோட சின்ன துண்டுல முழிச்சு திரும்பத் தூங்கும். நீங்க பாக்குற நம்பர் அந்த முழிச்சிருந்த நேரத்துல எவ்வளவு ஸ்பீடுன்னு எல்லா கோருக்கும் சேத்து ஒரே நம்பரா சுருக்கிக் காட்டுறது. அதுவும் டாஸ்க் மேனேஜரைத் திறந்ததே ஒரு வேலை, அதுக்கே கோர் முழிச்சுக்கும், அதனால திறந்த உடனே வர்ற நம்பரை நம்பாம ஒரு நிமிஷம் விட்டுப் பாருங்க.

சரி, எப்பதான் கவலைப்படணும்? வேலை கொடுத்தும் ஏறலைன்னா. பெரிய ஃபோல்டர் ஒண்ணை ஜிப் பண்ணுங்க, இல்ல வீடியோ கன்வர்ட் பண்ணுங்க, யூசேஜ் 100 சதவீதம் போகும்போது ஸ்பீடைப் பாருங்க. 100 சதவீதத்துலயும் 0.8லயே நின்னா அப்ப நிஜமாவே ஏதோ பிடிச்சு வச்சிருக்கு. முதல்ல பவர் பிளான் உள்ள போயி மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்னு ஒண்ணு இருக்கும், அது 100 இருக்கான்னு பாருங்க. 99 போட்டாலே டர்போ நின்னுடும், சூட்டைக் குறைக்கணும்னு யாராவது சொன்னாங்கன்னு போட்டுட்டு மறந்துடுறது சகஜம். அடுத்தது டெம்பரேச்சர், 95 100 டிகிரின்னு போயிட்டு ஸ்பீடு விழுந்தா தூசி, காஞ்சுபோன பேஸ்ட், ஃபேன்.

மூணாவது ஒண்ணு இருக்கு, அதுதான் என்னை ரொம்பப் படுத்திச்சு. என்னோட ஒரு லேப்டாப் திடீர்னு நத்தை மாதிரி ஆயிடுச்சு, எழுத்து டைப் பண்ணா ரெண்டு நொடி கழிச்சு ஸ்கிரீன்ல வருது, யூசேஜ் 100, ஸ்பீடு 0.79, டெம்பரேச்சர் பாத்தா வெறும் 45 டிகிரி. சூடும் இல்ல, வேலையும் இருக்கு, அப்புறம் ஏன் ஏறல? ஓஎஸ் புதுசா போட்டேன், ஒரு மாத்தமும் இல்ல. ஒருநாள் சார்ஜரைக் கழட்டின மறு நிமிஷம் ஸ்பீடு மூணுக்கு மேல போயிடுச்சு, திரும்ப சொருகினேன், 0.79. சார்ஜர் முனைய வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா நடுவுல இருக்கிற ஊசி மாதிரி பின் வளைஞ்சு ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. அந்த பின் வழியாத்தான் சார்ஜர் எத்தனை வாட்னு லேப்டாப் தெரிஞ்சுக்குது, அது தெரியலைன்னா சார்ஜர் தாங்குமோ தாங்காதோன்னு போர்டு ப்ராசஸருக்கு ஒரு சிக்னல் கொடுத்து கீழயே அழுத்தி வச்சிடும். ப்ராக்ஹாட்னு பேரு, சூட்டுக்குன்னு வச்ச கம்பி அது, சூடு இல்லாமலே அதைப் போர்டு இழுக்கலாம். சார்ஜர் மாத்தினேன், சரியாயிடுச்சு. உங்களுக்கு சார்ஜர் சொருகினாலும் 3.7க்கு ஏறுதுன்னா இந்தப் பிரச்சினை இல்ல.

கடைசியா பயாஸ்ல ஆஃப் பண்றது. என்னைக் கேட்டா வேண்டாம். வேகம் கூடும்னு நினைச்சு ஸ்பீட்ஸ்டெப், சி-ஸ்டேட் எல்லாத்தையும் அணைக்கச் சொல்லி நிறைய பேர் எழுதுறாங்க, ஆனா சில மெஷின்ல ஸ்பீட்ஸ்டெப்பை அணைச்சா டர்போவும் சேந்து போயிடும், அடிப்படை ஸ்பீடுலயே நின்னுடுவீங்க, அதாவது 3.7 போயி 1.8தான் மிஞ்சும். சி-ஸ்டேட்டை அணைச்சாலும் கிட்டத்தட்ட இதே கதைதான், மத்த கோர் தூங்கினாத்தான் ஒரு கோருக்கு உச்ச டர்போ கிடைக்கும், எல்லாரும் முழிச்சிருந்தா யாருக்கும் அந்த உச்சம் கிடைக்காது. அணைக்கிறதுல அர்த்தம் இருக்கிற ஆளுங்களும் இருக்காங்க: லைவா ஆடியோ ரெக்கார்டு பண்றவங்க, ஏன்னா கோர் தூங்கி முழிக்கிற அந்த சின்ன தாமதத்துலயே டிக் டிக்னு சத்தம் விழலாம், அப்புறம் ப்ரோகிராம் கோடு எவ்வளவு வேகமா ஓடுதுன்னு அளக்கிறவங்க, நடுவுல ஸ்பீடு மாறினா அளவே தப்பாயிடும். அவங்க கூட வேலை முடிஞ்சதும் திரும்பப் போட்டுடுவாங்க. நீங்க ப்ரௌசர், எக்ஸெல், எப்பவாவது வீடியோ எடிட்னு எழுதியிருக்கீங்க, பயாஸ்ல இருக்கிறதை இருக்கிற மாதிரியே விட்டுடுங்க, அந்த 0.8 இருக்கிறதாலதான் ஃபேன் சத்தமே கேக்காம நீங்க இந்தப் பதிலைப் படிச்சுக்கிட்டு இருக்கீங்க.