வீடு நனையுது மனே

அன்புள்ள ஐயா,
கட்டட ஒப்பந்தம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘டிம்பர்’, ‘லம்பர்’ இரண்டுக்குமே ‘மரம்’ என்று எழுதவேண்டியிருக்கிறது. இவற்றுக்குள் என்ன வேறுபாடு? எங்கிருந்து வந்தவை? நிற்பதும் மரம், அறுத்ததும் மரம் என்றால் இந்த விசயத்தில் தமிழ் வறிய மொழிதானே?
வாசகி, கல்லடி

அன்புள்ள மகள்,

லம்பரில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். அமெரிக்காவில் அது அறுத்த மரம். இங்கிலாந்தில் அறைக்குள் அடைந்து கிடக்கும் பழைய தட்டுமுட்டுச் சாமான். ‘அறுத்த மரம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

டிம்பர் வேறு. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கட்டடம், வீடு என்று பொருள். கட்டுவதற்கு எடுக்கும் மரம் என்பது அதன் வழியாக வந்தது. ஜெர்மன்காரர் இன்றைக்கும் அறையை ‘ட்ஸிம்மர்’ என்கிறார்கள். அதே சொல்லின் உறவு.

இதைப் படித்த நாளில் எனக்கு என் பாட்டி, பெத்தாவின் குரல்தான் கேட்டது. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் எங்கள் வீடு சரிந்தது. அப்பா இடிபாட்டுக்குள் இருந்து தீராந்தி, வளை, கைமரம் என்று கூரை மரங்களை ஒவ்வொன்றாக இழுத்து முற்றத்தில் அடுக்கினார். எல்லாம் முதிரை மரமும் பாலை மரமும். பின்னேரம் திரும்பவும் மழை இருட்டியது. “வீடு நனையுது மனே, ஓலையை இழுத்து மூடு” என்று பெத்தா கத்தினா. விழுந்த தென்னைகளின் ஓலைக்கு அன்று பஞ்சமில்லை. வீடு என்று அவ காட்டியது அந்த மர அடுக்கைத்தான். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாத மனுசி.

தமிழ் வறியது என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? மரம் விற்கும் ஒரு மரக்காலைக்குள் கால் வைத்திருக்கிறீர்களா? குற்றி, பலகை, சிலாகை, தீராந்தி என்று அங்கே ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு பேர் கிடக்கிறது. தீராந்தி போர்த்துக்கீசச் சொல்தான். நீங்கள் இருந்து கடிதம் எழுதிய கதிரையும் அவர்கள் விட்டுப்போனதுதான். வாங்கிப் புழங்கியது வறுமையாகாது.

‘மரம்’ என்ற சொல்லை அவ்வளவு மலிவாக எடுத்துவிட்டீர்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தொல்காப்பிய மரபியலைத் திறந்து பாருங்கள். உள்ளே வைரம், அதாவது இறுகிய பகுதி, உள்ளது மரம், வெளியே வைரம் உள்ளது புல் என்கிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல். இலையையோ பூவையோ உயரத்தையோ வைத்துப் பிரிக்கவில்லை, மகள். அறுத்தால் எங்கே இறுகியிருக்கும் என்று பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். வாளும் உளியும் பிடித்தவனுக்குத் தெரிகிற உண்மை அது. பனையைப் பிளந்து கைமரம் எடுக்கிறவன் உள்ளிருக்கும் மெத்தென்ற பகுதியைச் செதுக்கி எறிந்துவிட்டு வெளி வைரத்தைத்தான் எடுக்கிறான். முதிரையில் வெளி வெள்ளையைத் தள்ளிவிட்டு உள்ளுக்குப் போகிறான். நிற்கும்போதே அறுத்த முகத்தைக் கண்டு வைத்த பிரிவு இது. இதைப் பார்த்தா ஒரே சொல்தானே என்று கேட்கிறீர்கள்?

ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு மரவேலை செய்யும் வயதான ஓடாவி ஒருவரிடம் போங்கள். எந்த மரம், எந்த இடத்துக்கு என்று ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுங்கள். அவர் சொல்கிற பேரை அப்படியே எழுதுங்கள்.

அப்பா அடுக்கியதில் இரண்டு தீராந்திகள் நான் இருந்து எழுதும் இந்த அறைக்கு மேலே கிடக்கின்றன. ஒன்றில் அன்றைய மழை ஊறிய கறுப்புத் தடம் இன்னும் இருக்கிறது.