தயிர், கேப்ஸ்யூல், எலும்பு: வாசகர் கேள்விகள்

கே: தினமும் ஒரு கிண்ணம் தயிர் சாப்பிடுகிறேன். எலும்புக்கு அது போதும்தானே? (58 வயது, மதுரை)

போதாது. அதில் கால்சியம் 250 மில்லிகிராம் போலத்தான் இருக்கும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 வேண்டும். தயிரை விடாதீர்கள், கேழ்வரகு, கீரை, எள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: முட்டி வலிக்கு எந்த ப்ரோபயாடிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா) நல்லது?

வயது எழுதவில்லை, எத்தனை நாளாக வலி என்றும் எழுதவில்லை. எத்தனை முறை சொல்வது? மூட்டுத் தேய்மானம் வேறு, எலும்பு அடர்த்தி குறைவது வேறு. அடர்த்தி குறைந்தால் எலும்பு முறியும்வரை பெரும்பாலும் வலியே தெரியாது. முட்டியை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: குடலில் இருக்கும் பாக்டீரியா எலும்பை எப்படித் தொடும்?

நல்ல கேள்வி. நாம் செரிக்காமல் விட்ட நார்ச்சத்தை அவை பெருங்குடலில் புளிக்கவைத்து, பியூட்டிரேட் போன்ற அமிலங்களை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பில் கால்சியம் கரைந்து உடலில் சேருகிறது. எலும்பை அரிக்கும் செல்களையும் அந்த அமிலங்கள் அடக்குவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையும்போது குடல் சுவர் தளர்ந்து அழற்சி கூடுகிறது; கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜனை நிறுத்தியும் எலும்பு குறையவில்லை. ஆகவே வெங்காயம், பூண்டு, பயறு, வாழைக்காய் எல்லாம் குடல் வழியாக எலும்புக்கும் உதவும் தீனிதான்.

கே: ப்ரோபயாடிக் கேப்ஸ்யூல் எடுத்தால் எலும்பு மாத்திரையை நிறுத்தலாமா? (66 வயது, கோவை)

கூடவே கூடாது. போன மாதம் ஒரு அம்மா வந்தார். டெக்ஸா என்ற எலும்பு அடர்த்தி ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 3, அதாவது அடர்த்தி மிகவும் குறைந்துவிட்டது. வாரம் ஒருமுறை போட வேண்டிய மாத்திரையை ஆறு மாதமாகத் தொடவில்லை. கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். முன்பக்கம் பெரிதாக எலும்புப் படம். பக்கவாட்டில் பொடி எழுத்தில் 'லாக்டோபேசிலஸ், 500 கோடி'. எந்த ரகம் என்பதற்கு ஒரு எண்கூட இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

பொன்னியும் நெல்தான், கிச்சிலிச் சம்பாவும் நெல்தான், இரண்டும் ஒன்றா? ஸ்வீடனில் 75 வயது தாண்டிய 90 பெண்களில் ஒரு பாதிக்கு லாக்டோபேசிலஸ் ரியூட்டரி 6475 என்ற ரகத்தையும், மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் பொடியையும் ஓராண்டு கொடுத்தார்கள். வெறும் பொடி சாப்பிட்டவர்களின் கால் எலும்பில் அடர்த்தி 2 சதவீதம் போலக் குறைந்தது. பாக்டீரியா சாப்பிட்டவர்களுக்கு 1 சதவீதத்துக்கும் கீழ். 2018-இல் வெளியான முடிவு அது. எனக்கும் அப்போது சந்தோஷம்தான். அப்புறம் அதே ரகத்தை, மாதவிடாய் நின்று சில ஆண்டுகளே ஆன சுமார் 240 பெண்களிடம், ஒரு பகுதியினருக்கு வெறும் பொடி கொடுத்து, இரண்டு ஆண்டு சோதித்துப் பார்த்தார்கள். 2024-இல் வந்த முடிவு: வித்தியாசமே இல்லை. ஆராய்ச்சி இந்த நிலையில் இருக்கும்போது, எலும்பு முறிவைக் குறைக்கும் என்று நிரூபணமான மாத்திரையை யாரைக் கேட்டு நிறுத்துகிறீர்கள்? மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், நிறுத்தாதீர்கள்.

கே: அலென்ட்ரோனேட் என்ற எலும்பு மாத்திரையை மோருடன் விழுங்கலாமா?

கூடாது. வெறும் வயிறு, ஒரு டம்ளர் வெறும் தண்ணீர். அரைமணி நேரம் படுக்காமல், வேறு எதுவும் சாப்பிடாமல் இருங்கள். மோர் அதற்கப்புறம்.

கே: ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். எலும்பு கெட்டுவிடுமா?

கெடாது. வழக்கமான உணவையே சாப்பிடுங்கள்.

கே: அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது. எலும்புக்காக ப்ரோபயாடிக் வாங்கித் தரலாமா?

புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் ஒரு கேப்ஸ்யூல்கூடத் தராதீர்கள். எதிர்ப்புச்சக்தி குறைந்திருக்கும் நேரத்தில் அந்த உயிருள்ள பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து தொற்றாகலாம். ஏற்கெனவே கொடுத்திருந்து அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால், டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.